லிஃப்டு இல்லை

அந்த ஊரில் மாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அவருடைய குரல் நன்றாகத் தெரியும். முகம் பலருக்குத் தெரியாது. லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணி படம் போட்ட பொத்தானை அழுத்தினால், அழைப்பு நேராக அவருடைய கைபேசியில் வந்து விழும். “பயப்படாதீங்க, கீழதான் நிக்கிறேன், அஞ்சே நிமிஷம்” என்பார். அப்போது அவர் ஊரின் மறுகோடியில், வேறொரு லிஃப்டின் அடிப்பள்ளத்தில், மூக்கு நுனிவரை கிரீஸ் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பச்சைப் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டு அழுகையை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளம் போடுகிற கம்பெனிக்கும் பல் பிடுங்கிய டாக்டருக்கும்தான் அது தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் ‘லிஃப்டு’. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயரை ஒட்டிவிட்டவன் அவருடைய மச்சான்.

மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் அப்போதே கூப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு லிஃப்ட்காரர் அவன் தங்கையையே கட்டிக்கொண்டதும் அந்த அழைப்பு சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. மச்சானுக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை. அதனால் அவனுக்கு ஊரில் பெயர் ‘ஜெராக்ஸ்’. நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தை நகல் எடுத்து எடுத்து, தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க மறந்துபோன ஆள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே மாலைவரை உட்கார்ந்திருப்பான். லிஃப்ட்காரருக்கு அவனைப் போல் ஒரு மனிதன் உலகத்திலேயே கிடையாது. இதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர்கள் ஒரு சோபாவால் பிரிந்தார்கள். மச்சான் நாலாவது மாடிக்குக் குடிபோனான். புது சோபா வந்து இறங்கியது. “லிஃப்ட்ல போகாதுடா” என்றான் மச்சான். “லிஃப்டப் பத்தி எனக்கே சொல்றியா?” என்று லிஃப்ட்காரர் மார்தட்டி, சோபாவை நிமிர்த்தி, சாய்த்து, திருப்பி, உள்ளே தள்ளிவிட்டார். அது ஆடாமல் பிடித்துக்கொள்ள மாமியாரையும் உள்ளே நிறுத்தினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் சோபாவின் கால் கதவில் சிக்கி லிஃப்ட் நின்றது. மேலே மச்சான் கத்த, கீழே லிஃப்ட்காரர் கத்த, ஒரு வழியாகக் கதவைப் பிளந்து பார்த்தால் மாமியார் சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அத்தோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். “பெரிய லிஃப்டுக்காரனாம்!” என்று மச்சான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். “லிஃப்டுக்குள்ள போற சோபா வாங்கத் துப்பில்லாதவன் என்னைப் பேசுறியா?” என்று இவரும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

பேச்சுதான் கிடையாது. படகு இருந்தது.

சண்டைக்கு முன்பே இருவரும் கைபேசியில் ஒரு விளையாட்டு ஆடிவந்தார்கள். பெயர் ‘இரட்டைத் துடுப்பு’. பெரிய ஏரி, அதில் சின்னப் படகு, படகில் இரண்டு பேர். ஒருவர் இடப்பக்கம் துடுப்புப் போட வேண்டும், மற்றவர் வலப்பக்கம். இருவரும் சேர்ந்து போட்டால்தான் படகு நேராகப் போகும். பேச வழி இல்லாத விளையாட்டு. கை அசைக்கலாம், குதிக்கலாம், அவ்வளவுதான். சண்டை போட்ட அன்று மாலை லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார்: சண்டை மச்சானோடு, படகோடு என்ன பகை? திறந்தார். மச்சான் ஏற்கெனவே வந்து வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் அக்கரைக்குப் போய்த் திரும்பினார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு முடிந்த கையோடு தினமும் ஏரிதான். தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் சாக்கடையைப் பார்ப்பார். ஏரியில் கை அசைத்துக்கொள்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு வேட்டு வைத்தது ஒரு லிஃப்ட் பள்ளம். குனிந்து கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்த கைபேசி நழுவி உள்ளே விழுந்தது; மேலேயிருந்து வந்த லிஃப்ட் அதன் மேல் பதமாக உட்கார்ந்தது. கைபேசி தகடாகிவிட்டது. சிம் மட்டும் எப்படியோ பிழைத்தது. அன்றைக்கே புதுக் கைபேசி வாங்கி, விளையாட்டை இறக்கினார். கடவுச்சொல் கேட்டது. அது ஞாபகமில்லை. தெரிந்த எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தார். கடை அவரைப் பூட்டி வெளியே நிறுத்திவிட்டது.

கடை என்று பெயர்தான். இணையத்தில் விளையாட்டு விற்கிற கடை. கதவு கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது, முக்கியமாக, சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கக் கடைக்காரர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு அணில் இருந்தது. திரையின் மூலையில் வாலை ஆட்டிக்கொண்டு, ‘வணக்கம் லிஃப்டு இல்லை! உங்களுக்கு உதவ ஆசை ஆசையாக இருக்கிறேன்!’ என்றது.

லிஃப்ட்காரர் திடுக்கிட்டுப்போனார். பிறகுதான் ஞாபகம் வந்தது. கணக்குத் தொடங்கியது மச்சானின் கடையில், மச்சானின் கணினியில். மச்சான்தான் கேட்டுக் கேட்டு அடித்தான். “முதல் பெயர்?” “லிஃப்டுன்னே போடு.” “கடைசிப் பெயர்?” “அதெல்லாம் இல்லை.” அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மேலே போகாது என்று சிவப்பில் காட்டியது. மச்சான் விடுவானா? ‘இல்லை’ என்றே அடித்தான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் எவரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு மணி அடிக்க, “மிச்சத்த நான் அடிச்சுக்கிறேன், நீ போ” என்று மச்சான் அனுப்பிவைத்தான். ஆக உலகத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு மனிதருக்குக் கடையின் கணக்கில் பெயர்: லிஃப்டு இல்லை.

அணிலிடம் அவர் எழுதினார்: ‘உள்ளே போக முடியவில்லை.’

அணில் சொன்னது: ‘உங்கள் வருத்தம் புரிகிறது. உதவி கோர, முதலில் உள்ளே நுழையவும்.’

‘நுழைய முடியாமல்தானே உதவி கேட்கிறேன்.’

‘மிக்க மகிழ்ச்சி! உங்கள் சிக்கல் தீர்ந்ததா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘ஆம்’. மற்றது ‘ஆம், நன்றி’.

லிஃப்ட்காரர் கைபேசியைச் சுவரில் அடிக்கப் போனார். புதுக் கைபேசி என்பதால் தலையணையில் அடித்தார்.

அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் திறந்துவிடலாம் என்று எங்கோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. ‘அன்புள்ள லிஃப்டு இல்லை, அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. லிஃப்டு இல்லை என்ற பெயருள்ள ஆவணத்தை அனுப்பவும்.’

வேறு யாராக இருந்தாலும் அங்கே சோர்ந்திருப்பார்கள். லிஃப்ட்காரரிடமோ அப்படி ஓர் ஆவணம் இருந்தது! பழுது பார்க்கும்போது கதவில் தொங்கவிடுகிற தகரப் பலகை. சிவப்பு எழுத்தில் ‘லிஃப்ட் இல்லை’. துடைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக விறைப்பாக நின்றார். “எடு” என்றார் மனைவியிடம்.

“ஜெயில்ல எடுத்த போட்டோ மாதிரி இருக்குங்க” என்றாள் அவள்.

“எடுடின்னா!”

பதில் வந்தது. ‘இது உரிய அலுவலகம் வழங்கிய ஆவணமாகத் தெரியவில்லை. மேலும், பெயரில் எழுத்துப் பிழை உள்ளது.’

அதுவரை கோபம் இருந்தது. அன்று மாலை கோபம் போய், பயம் வந்தது. கணக்கு இல்லாதவர்களும் விருந்தாளியாக ஏரியை வேடிக்கை பார்க்கலாம் என்று கண்டுபிடித்து உள்ளே போனார். மற்றப் படகுகள் எல்லாம் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன. நட்ட நடுவில் ஒரே ஒரு படகு மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் காலி. வலப்பக்கத்தில் மச்சான் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். சுற்றுவான், நிறுத்துவான், கரையைப் பார்ப்பான், மறுபடி சுற்றுவான். இவர் இங்கேயிருந்து கையை அசைத்தார். விருந்தாளி அசைத்தால் யாருக்குத் தெரியும்? படகுக்கு மேலே ஓர் அறிவிப்பு வேறு தொங்கியது: ‘துணை வராவிட்டால் இந்த இடம் விரைவில் புதியவருக்கு வழங்கப்படும்.’

வேறு எவனோ ஒருவன் வந்து அந்த இடப்பக்கத்தில் உட்காருவானா? அதைவிடப் பெரிய வேதனை இன்னொன்று. ‘கோபத்துல இதையும் விட்டுட்டுப் போயிட்டான்’ என்றல்லவா மச்சான் நினைப்பான்? மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

“நேராப் போய்ச் சொன்னா என்ன?” என்றாள் மனைவி.

“எங்க போய், என்ன சொல்ல?”

“எங்க அண்ணன்கிட்ட. ரெண்டு பேரும் தினமும் கப்பல் ஓட்டுறது எனக்குத் தெரியாதா?”

“கப்பல் இல்ல, படகு” என்றார் அவர், மாட்டிக்கொண்ட முகத்தோடு. “அவனே வந்து பேசட்டும்.”

“அப்ப அந்தக் கடைக்கே போன் பண்ணுங்க. ஆனா கத்தாதீங்க. எங்க ஆஸ்பத்திரில கத்துறவங்களுக்கு நான் கடைசி டோக்கன்தான் குடுப்பேன்.” அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள், வரிசையின் ரகசியங்கள் அறிந்தவள்.

கடையின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் அவருக்கு அரை ஆயுள் போய்விட்டது. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பாட்டுக் கேள், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், ஐந்தே நிமிடம்.’ அந்த ஐந்து நிமிடம் எந்த ஊர் ஐந்து நிமிடம் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியாதா? சொல்லிச் சொல்லிப் பழகியவராயிற்றே. ஒரு வழியாக மனிதக் குரல் வந்தது, ஓர் இளம்பெண்.

“வணக்கம் சார், உங்க பேரச் சொல்லுங்க.”

“லிஃப்டு இல்லை.”

“ஐயோ! படி ஏறி வந்தீங்களா சார்? மெதுவா மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க.”

“இல்லம்மா, என் பேரே லிஃப்டு இல்லை.”

“சார், லிஃப்ட் இல்லைன்னா நீங்க பில்டிங்காரங்ககிட்டத்தான் சொல்லணும். இது கேம் கடை.”

“பேரும்மா! முதல் பேரு லிஃப்டு.”

“சரி சார். கடைசிப் பேரு இருக்கா?”

“இல்லை.”

“இல்லையா?”

“ஆமா.”

“சார், ஆமாவா, இல்லையா?”

“இல்லைதாம்மா!”

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம். “அட, ஆமா சார்,” என்றாள் அவள், ஆச்சரியத்தோடு, “இருக்கீங்க! இல்லைன்னு இருக்கீங்க!”

லிஃப்ட்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். பெயர் பொருந்தாத கணக்கைத் திறக்க ஒரே வழிதான் உண்டு என்று அவள் சொன்னாள். கணக்குத் தொடங்கியபோது ஒரு பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் எழுதியிருப்பார். அதை எழுதியபடியே சொன்னால் போதும். மூன்று தடவை சொல்லலாம். மூன்றும் தவறினால் கணக்கை மூடிவிடுவார்கள், பிறகு தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது.

“கேள்வி இதுதான் சார். உங்கள் உயிர் நண்பர் யார்?”

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு பாடு? “ஜெராக்ஸ்” என்றார்.

“தப்பு சார்.”

“தப்பா? சரி, மச்சான். மச்சான்னு இருக்கும்.”

“அதுவும் தப்பு சார். இன்னும் ஒரே ஒரு தடவைதான்.”

லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதிலை அடித்தவன் மச்சான். மச்சான் தன் பெயரை அடிக்கவில்லை. அப்படியென்றால் வேறு யார் பெயரை அடித்தான்? எனக்கு வேறு எவன் உயிர் நண்பன் என்று அவன் நினைத்தான்? வீட்டு அழைப்புமணியை ரிப்பேர் பண்ணுகிறவனையா? கம்பெனி சூப்பர்வைசரையா? கணக்குப் போனால்கூடப் போகட்டும், இது தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

“அம்மா, லைன்லயே இருப்பியா? ஒரு ஆளக் கேக்கணும்.”

“நாங்களா கட் பண்ணக்கூடாது சார், ரூல் அப்படி. நீங்க எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கலாம்.”

“பக்கத்துலதான், அஞ்சே நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, கைபேசியை முன்னால் ஏந்திப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அவள் பாட்டைப் போட்டுவிட்டாள். டிங்கு டிங்கு என்று பாடுகிற கைபேசியோடு ஒரு பெரிய மனிதர் விறுவிறுவென்று நடந்து போவதைத் தெருவே நின்று பார்த்தது.

கடையில் மச்சான் யாருடைய சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் வழக்கம்போல் மாறியிருந்தது. வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தான், பார்த்தான், மறுபடி குனிந்துகொண்டான்.

“ஜெராக்ஸா, லேமினேஷனா?” என்றான், முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல.

“ஒரு கேள்வி கேக்கணும்.”

“கேள்விக்கெல்லாம் இங்க நகல் எடுக்கிறதில்ல.”

“என் போன் லிஃப்டுக்கு அடில போயிடுச்சுடா. கணக்கு பூட்டிக்கிச்சு. அதான் வரல.”

இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் மச்சான் முகத்தில் ஒரு தடவை போய் வந்தது. “நீயா எறங்கிப் போயிட்டேன்னு நெனச்சேன்” என்றான். “தெனமும் சுத்துறேன்டா, எனக்குத் தலையே கிறுகிறுக்குது. இத வந்து சொல்ல உனக்கு வாயில்லையா?”

“உனக்கு வாய் இருந்துச்சா?”

“சார்,” என்றது கைபேசி, “பதில் கெடச்சுதா?”

மச்சான் துள்ளிப்போனான். “யாருடா அது?”

“கேம் கடைக்காரப் பொண்ணு. என் உயிர் நண்பன் யாருன்னு கேக்குது. உன் பேரச் சொன்னேன், தப்புங்குது. மச்சான்னு சொன்னேன், அதுவும் தப்புங்குது. யார் பேரடா அடிச்சே? எவன்டா அவன்?”

மச்சான் இயந்திரத்தை அணைத்தான். சான்றிதழை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

“நீ பாட்டுக்கு லிஃப்டப் பாக்க ஓடிட்டே,” என்றான். “நான் தனியா உக்காந்து அடிச்சிட்டிருந்தேன். உங்கள் உயிர் நண்பர் யார்னு கேட்டுச்சு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சா, அப்படியே அடிச்சுட்டேன்.”

“என்னன்னு?”

“நான்தான்னு.”

“சார், சரியா கேக்கல,” என்றாள் அந்தப் பெண். “யாரு?”

“நான்தாம்மா!” என்று மச்சான் கைபேசியைப் பார்த்துக் கத்தினான்.

“குரல் மாறுதே சார். கணக்குக்காரர்தான் சொல்லணும்.”

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். “நான்தான்.”

“நீங்கதான்னு தெரியுது சார். உங்க உயிர் நண்பர் யாரு?”

“நான்தான்!”

“உங்களுக்கு நீங்களேவா சார்?”

“இல்லம்மா! என் உயிர் நண்பன் இவன்தான். எதிர்ல நிக்கிறான் பாரு, சட்டையக்கூட ஒழுங்காப் போடத் தெரியாம, இவன்தான். சின்ன வயசுலேருந்து இவன் ஒருத்தன்தான், வேற எவனும் கெடையாது. ஆனா அவன் எழுதி வச்சிருக்கிறது ‘நான்தான்’னு. நீ அதையே போடும்மா!”

இவ்வளவையும் அவர் கத்தித்தான் சொன்னார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். கைபேசியில் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

“சரியா இருக்கு சார்” என்றாள் அவள்.

லிஃப்ட்காரர் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, எட்டி மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்தார். மச்சானும் இவர் காலரைப் பிடித்தான். கைகலப்பு என்று நினைத்து எதிர்க்கடைக்காரர் விலக்கிவிட ஓடிவந்தார். இருவரும் காலரை விடாமல், தோளில் முகத்தைப் புதைத்து, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டார்.

“சார், புது பாஸ்வேர்ட் வைக்க மெசேஜ் அனுப்பியிருக்கேன், வந்துச்சா?” என்று மேசைமேல் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். “சார்? லைன்ல இருக்கீங்களா சார்? நாங்களா கட் பண்ணக்கூடாது சார்... சார்?”